ஓசியானோவில் குப்புற விழுந்த பிறகு

இடது தோளில், காறை எலும்பு ஒட்டிய இடத்தில், சின்னதாக ஒரு புடைப்பு இருக்கிறது. குளிர்காலத்தில் லேசாகக் கடுக்கும். கலிஃபோர்னியாவில் பிஸ்மோ பீச்சுக்குத் தெற்கே ஓசியானோ மணற்குன்றுகளில் சம்பாதித்தது. ஏடிவி (மண்ணிலும் மணலிலும் ஓட்டும் நாலு சக்கர வண்டி) ஓட்டி விழுந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே "எவ்வளவு ஸ்பீடு?" என்கிறார்கள். வெட்கமே அங்குதான். மணிக்கு 20 மைல்கூட இருக்காது.

ஊரில் தேரிக்காட்டுப் பக்கம் வளர்ந்தவன் நான். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் செக்கச்செவேல் என்று குவிந்து கிடக்கும் அந்த மணல்மேடுகளில்தான் பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் கழிந்தது. ஆகவே, மணலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற நினைப்பு. வாடகைக் கடையில் ஐந்து நிமிட வீடியோ ஓடியபோது நான் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைப்பையன் நீட்டிய நாலு பக்கத் தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். காலில் ஜாகிங் ஷூ, மேலே அரைக்கை பனியன், கண்ணுக்குக் கூலிங் கிளாஸ். ஹெல்மெட் மட்டும் கடையில் கொடுத்தார்கள்.

நாங்கள் மூன்று பேர். நான், ஒரு மதுரைக்காரன், ஒரு ஈரோட்டுக்காரன். மூவருக்கும் சான் ஹோசே பக்கம் வேலை. முதல் அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை, வினையே அதுதான். கட்டைவிரலால் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி மேட்டில் ஏறுகிறது, விட்டால் தானாக நிற்கிறது. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. "மச்சி, எங்க தோட்டத்து டிராக்டரை விட ஈஸிடா" என்று கத்திக்கொண்டே ஈரோட்டுக்காரன் முன்னால் போனான். உச்சிவெயில். எனக்கு எதிரே நிதானமாக ஏறும் ஒரு மேடு, மணலும் கெட்டியாக இருந்தது. உச்சிக்கு வந்தேன். அதற்கப்புறம் தரை இல்லை.

கடல்காற்று படுகிற பக்கம் மணற்குன்று மெதுவாகத்தான் ஏறும். அந்தப் பக்கத்து மணலைக் காற்று அடித்து அடித்து இறுக்கி வைத்திருக்கும். உச்சியைத் தாண்டுகிற மணல் மறுபக்கத்தில் பொலபொலவென்று கொட்டி, 30 டிகிரிக்கும் மேலே சரிந்து நிற்கும். இரண்டும் கூடும் இடம் கத்தி முனை மாதிரி. இங்கே அதை ரேசர்பேக் என்கிறார்கள். ஏறுகிறவன் கண்ணுக்கு அந்த முனை தெரியவே தெரியாது. மணலும் வானமும் ஒட்டிய ஒரு கோடுதான் தெரியும். முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நின்ற நேரத்தில் பயந்துபோய்க் கட்டைவிரலை எடுத்தேன், போதாதென்று பிரேக்கையும் பிடித்தேன். வண்டி மூக்கைக் குத்தி, என்னைத் தூக்கி எறிந்துவிட்டு, பக்கவாட்டில் உருண்டு போய்க் கிடந்தது. என் மேல் உருளவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

வாய், காது, பனியனுக்குள் எல்லாம் மணல். எழுந்திருக்கலாம் என்று இடது கையை ஊன்றியபோதுதான் தோளில் ஏதோ நறுக்கென்றது. மதுரைக்காரன் மேலிருந்து ஓடிவந்தான், நல்லவேளை வண்டியில் வரவில்லை. அதே முனையில் அவனும் வந்திருந்தால் நேராக என் மேல்தான்.

அன்றைக்கு இன்னொரு கூத்தும் பாக்கி இருந்தது. கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் கடற்கரை மணலில் சொந்தக் காரை ஓட்டிப் போகவிடும் ஒரே இடம் ஓசியானோ. பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும்: அலைக்கு அருகிலேயே வரிசையாகக் கார், கூடாரம், அடுப்பு. வேகம் மட்டும் மணிக்கு 15 மைலுக்குமேல் கூடாது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் அவசரத்தில் மதுரைக்காரன் தன் எஸ்யூவியை ஈர மணலிலிருந்து விலக்கி, காய்ந்த மணல் வழியாகக் குறுக்கே விட்டான். டயரில் ரோட்டுக்கு அடிக்கும் 35 பிஎஸ்ஐ காற்று அப்படியே இருந்தது. இருபது அடி தாண்டவில்லை, அச்சு வரை புதைந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கிணறு தோண்டுகிற மாதிரி இறங்கியது. பக்கத்தில் முகாம் போட்டிருந்த ஒரு மெக்சிகோக் குடும்பத்துப் பெரியவர் வந்தார், பேசவே இல்லை. நாலு டயரிலும் காற்றை இறக்கினார், சக்கரத்துக்கு முன்னால் கையால் மணலைத் தள்ளினார், மெதுவாக எடு என்று சைகை காட்டினார். வண்டி வெளியே வந்துவிட்டது.

அந்தப் பெரியவர் செய்ததைத்தான் இப்போது ஒவ்வொரு முறையும் செய்கிறோம். மணலில் இறங்கும் முன் கார் டயரை 15 முதல் 20 பிஎஸ்ஐக்குக் குறைப்போம். டயர் அகலமாகப் படிந்து மிதக்கும். அலை நனைத்த கெட்டி மணலிலேயே ஓட்டுவோம். உள்ளே போகும் வழியில் அரோயோ கிராண்டே ஓடை கடலில் சேரும் இடத்தைக் கடக்க வேண்டும். மழைக்குப் பிறகும் கடல் ஏறும் நேரத்திலும் அது ஓடை இல்லை, ஆறு. அலைக் கால அட்டவணை பார்த்து, கடல் உள்வாங்கும் நேரத்தில்தான் போவதும் வருவதும். ஏடிவியை எல்லா இடத்திலும் இறக்கிவிட முடியாது. கரையோரம் எண் போட்டுக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், 2ஆம் கம்பத்துக்குத் தெற்கேதான் ஓட்டலாம். வீடு திரும்பினதும் முதல் வேலை காருக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சி உப்பைக் கழுவுவது. சோம்பல்பட்டு விட்டால் இரண்டு வருடத்தில் துரு சொல்லும்.

ஆஸ்பத்திரிக் கதையை நீட்ட விரும்பவில்லை. ஆறு வாரம் கைத்தூளி. வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பி வளைந்ததற்குக் கடை போட்ட பில்லில் முன்பணம் மொத்தமும் போய், மேற்கொண்டும் கட்டினேன். கடையைக் குறை சொல்ல வழியில்லை. நான் படிக்காத நாலு பக்கத்தில் மூன்றாவது பக்கம் முழுக்க அதுதான் எழுதியிருந்தது. வாடகை எடுக்கும் முன் "வண்டிக்குச் சேதமானால் என் பொறுப்பு எதுவரை, அதற்கு இன்சூரன்ஸ் உண்டா?" என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். வண்டியை நாலு பக்கமும் போனில் படம் பிடித்துக்கொள்வது அதைவிட நல்லது.

கை சரியாகி நாலு மாதம் கழித்து மறுபடியும் ஓட்டப் போகிறேன் என்றதும் வீட்டில் சண்டை. கடைசியில் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்: "முறையா கத்துக்கிட்டுப் போங்க. நானும் வருவேன்." இரண்டும் நல்லதாகப் போயிற்று.

கற்றுக்கொண்டது ஹாலிஸ்டர் ஹில்ஸ் என்ற வண்டி ஓட்டும் பூங்காவில். சான் ஹோசேயிலிருந்து ஒரு மணி நேரம். மணற்குன்று இல்லை, ஓக் மரமும் புல்லும் படர்ந்த மலைகளில் வளைந்து வளைந்து போகும் மண்பாதைகள். சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அந்தப் பூங்கா வழியாகத்தான் ஓடுகிறது. பூங்காவில் கீழ்ப் பண்ணை என்ற பகுதி பைக்குக்கும் குவாடுக்கும் (ஏடிவியைத்தான் குவாட் என்றும் சொல்கிறார்கள்), மேல் பண்ணை என்ற பகுதி ஜீப் மாதிரி வண்டிகளுக்கு. பாதைகளுக்குப் பனிச்சறுக்கு மைதானம் மாதிரியே குறி போட்டிருக்கிறார்கள்: பச்சை வட்டம் லேசு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கஷ்டம். பல பாதைகள் ஒருவழி. எதிரே யாரும் வரமாட்டார்கள் என்ற நிம்மதி புதிதாக ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓட்டும்போதுதான் தெரியும். மழை பெய்தால் பாதைகளை மூடிவிடுவார்கள், ஆகவே கிளம்பும் முன் கேட்டுவிட வேண்டும். கோடையில் புழுதியும் வெயிலும் ஆளைக் கொல்லும். மார்ச், ஏப்ரலில் மலை பச்சையாக இருக்கும்போது போங்கள். பாதையோரம் மூன்று மூன்று இலையாக மினுமினுக்கும் செடியைத் தொடாதீர்கள், அது பாய்சன் ஓக். ஒரு வாரம் சொறிந்துகொண்டே ஆபீஸ் போக வேண்டியிருக்கும்.

ஏடிவி சேஃப்டி இன்ஸ்டிட்யூட்டின் அரைநாள் வகுப்பில் சேர்ந்தோம். காய்ந்த மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்பு வைத்து எட்டுப் போடச் சொன்னார்கள். ஊரில் லைசென்ஸுக்கு எட்டுப் போட்ட ஞாபகத்தில் சிரித்தேன். ஆனால் அங்கேதான் முதல் உண்மை புரிந்தது: குவாடில் ஹேண்டில்பார் பாதி வேலைதான் செய்கிறது, மீதியை உடம்பு செய்ய வேண்டும். திரும்பும் பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். மேடு ஏறும்போது சீட்டின் முன்னால் நகர்ந்து மார்பை ஹேண்டில்பார் மேல் கொண்டுவர வேண்டும், இறங்கும்போது பின்னால் தள்ளி உட்கார வேண்டும். சரிவில் குறுக்காகப் போனால் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். சாக்கு மூட்டை மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தால் வண்டி கவிழத்தான் செய்யும்.

பின்னால் ஆளை ஏற்றக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். நம்மூர்ப் பழக்கத்தில், சீட் நீளமாக இருக்கிறதே, மனைவியை உட்கார வைத்தால் என்ன என்று தோன்றும். அந்த நீளம் இரண்டாவது ஆளுக்கு இல்லை, ஓட்டுகிறவன் முன்னும் பின்னும் நகர்வதற்கு. ஒருவருக்கென்று செய்த குவாடில் இன்னொருவரை ஏற்றுவது கலிஃபோர்னியாவில் சட்டப்படியும் குற்றம். மனைவி தனி வண்டி எடுத்தாள். என்னைவிட நன்றாக ஓட்டினாள் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டுக் கேட்பாள். நான் வண்டியை அடக்கப் பார்த்தேன், அவள் அதோடு சேர்ந்து அசைந்தாள்.

மேடு ஏறும்போது பாதியில் வேகம் செத்துவிட்டால் என்ன செய்வது? எனக்கு அதிகம் உதவிய பாடம் இது. நிற்கப்போகிறது என்று தெரிந்த உடனே, நிற்பதற்கு முன்பே, அகலமாக வளைத்து வந்த வழியில் இறங்கிவிட வேண்டும். நின்றுபோய்ப் பின்னோக்கி உருள ஆரம்பித்தால் பின்பிரேக்கை அமுக்கும் கை கால் உங்களுடையதாக இருந்தாலும், வண்டி உங்களுடையதில்லை. நின்றுவிட்டால் பிரேக்கைப் பிடித்தபடியே மேட்டுப் பக்கமாக இறங்கிக்கொள்ள வேண்டும். வண்டி போனால் போகட்டும்.

ஆறேழு முறை ஹாலிஸ்டர் போன பிறகுதான் மணலுக்குத் திரும்பினோம். மண்பாதைப் பழக்கத்தைப் பாதி மறக்க வேண்டியிருந்தது. பாதையில் பிரேக் நண்பன். மணலில் ஆக்சிலரேட்டர்தான் நண்பன்: சட்டென்று விட்டால் முன்சக்கரம் கலப்பை மாதிரி உழுது இறங்கும், ஹேண்டில்பார் கல்லாகிவிடும். மணல் இறக்கத்தில் பிரேக்கைத் தொடத் தேவையே இல்லை, மணலே வேகத்தைக் குடித்துவிடும். நேராக, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கொண்டே இறங்கினால் படகு மாதிரி மிதந்து வரும். ஓசியானோவில் நான் செய்ததற்கு நேர் எதிர்.

இவ்வளவும் தெரிந்தும் ஒன்று பாக்கி இருந்தது. மேட்டின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஏறும் முன் எப்படித் தெரியும்? அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரேகான்.

ஒரேகான் கரையில் ஃப்ளாரன்ஸிலிருந்து கூஸ் பே வரை சுமார் 40 மைலுக்கு மணற்குன்றுகள். 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவித்தது. வனத்துறை பார்த்துக்கொள்கிறது. சில குன்றுகள் கடல் மட்டத்திலிருந்து 500 அடி வரை எழும்புகின்றன. முழுக்க வண்டிக்கு விட்டதில்லை. வடக்கே சவுத் ஜெட்டி, நடுவில் வின்செஸ்டர் பே, தெற்கே ஸ்பின்ரீல், ஹார்ஸ்ஃபால் பக்கம் என்று ஓட்டும் இடங்கள் பிரிந்து கிடக்கின்றன. இடைப்பட்ட இடங்கள் நடப்பவர்களுக்கு. நாங்கள் தங்கியது வின்செஸ்டர் பேயில். சான் ஹோசேயிலிருந்து காரில் ஒரு முழு நாள். ராத்திரி கூடாரத்துக்கு மேலே உம்ப்க்வா கலங்கரை விளக்கின் ஒளி சிவப்பும் வெள்ளையுமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

அங்கே குவாட் ஓட்டுவதற்கு ஒரேகான் மாநிலத்தின் பாதுகாப்பு அட்டை வேண்டும். இணையத்தில் படித்து, தேர்வு எழுதி வாங்கிக்கொள்ளலாம். வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள், கடற்கரையில் போன் சிக்னலைத் தேடி அலையாதீர்கள். வண்டிச் சத்தத்துக்கு 93 டெசிபெல் வரம்பு. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரை எழுப்பும் வீரம் அங்கே செல்லாது, எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

முதல் நாள் காலையில் பனிமூட்டம் கலையட்டும் என்று காபியோடு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து முகாமில் எழுபது வயது தாண்டிய ஒருவர், முப்பது வருடமாக வருகிறாராம், தன் குவாடின் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். குவாட் டயருக்குக் காற்று நாலு, ஐந்து பிஎஸ்ஐதான் இருக்கும். கார் டயர் மானி அந்த அளவுக்கு அசையவே அசையாது. பத்து வரைக்கும் மட்டும் காட்டும் சின்ன மானி தனியாக விற்கிறார்கள் என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பின்சக்கரத்தில் கரண்டி கரண்டியாகத் துருத்திக்கொண்டிருக்கும் பேடில் டயர். மணலை அள்ளி அள்ளிப் பின்னால் எறிந்து வண்டியைத் தள்ளும். அப்படிப்பட்ட டயருக்கு நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் முகத்தில் மணல்மழைதான். கூலிங் கிளாஸ் அதற்கு உதவாது, முகத்தை ஒட்டிப் பிடிக்கும் காகிள்ஸ் வேண்டும்.

என் தோள் கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. எங்களை அருகிலிருந்த ஒரு மேட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனார். தரையைக் காட்டினார்: அலை அலையாக வரி ஓடியிருந்தால் அது காற்று படும் பக்கம், கெட்டி. வரியே இல்லாமல் பவுடர் கொட்டியது போல வழுவழுவென்று இருந்தால் அது கொட்டிய பக்கம், புதையும். கோடையில் இங்கே காற்று வடமேற்கிலிருந்து வருகிறது, ஆகவே செங்குத்தான முகமெல்லாம் தெற்கையும் தென்கிழக்கையும் பார்த்திருக்கும். குளிர்காலப் புயல் தென்மேற்கிலிருந்து வந்து அதே முனைகளைத் திருப்பிப் போட்டுவிடும். நேற்றுச் சாய்வாக இறங்கிய இடம் ஒரு ராத்திரிக் காற்றில் வெட்டுப்பட்டிருக்கலாம். நேற்றைய டயர்த் தடத்தை நம்பாதே என்றார்.

அப்புறம் அவர் சொன்னது வெளிச்சம். உச்சிவெயிலில் நிழல் விழாது, நிழல் விழாவிட்டால் மணலில் மேடு பள்ளம் தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளை விரிப்பு. காலை பத்துக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் சாய்வெயிலில் ஒவ்வொரு முனைக்கும் பக்கத்தில் கறுப்பாகக் கோடு இழுத்தது போல நிழல் நிற்கும். நான் ஓசியானோவில் விழுந்தது பன்னிரண்டரை மணிக்கு.

முனையை நேருக்கு நேர் ஏறாதே, சாய்வாக அணுகு, மேலே போனதும் முனைக்கு இணையாக வண்டியை விட்டு மறுபக்கத்தை எட்டிப் பார், சரி என்றால் மூக்கைத் திருப்பி நேராக இறங்கு. அவர் சொன்னதைக் கேட்கும்போதே ஆச்சியின் ஞாபகம் வந்தது. தேரியில் விளையாடப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று கத்துவாள்: "மேட்டுக்கு அந்தால குழி கெடக்கும், பாத்துப் போலே!" குழி இருந்ததை நான் பார்த்ததே இல்லை. கேட்டதும் இல்லை.

வண்டியில் கம்பம் நட்டுக் கொடி கட்டுவதும் இதற்குத்தான். ஓசியானோவில் கொடி தரையிலிருந்து 8 அடி உயரத்தில் இருக்க வேண்டும். அழகுக்கென்று நினைத்திருந்தேன். ஒரே மேட்டில் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பேர் ஏறினால், முனைக்கு மேலே முதலில் தலை காட்டுவது கொடிதான். ஆளைப் பார்த்த பிறகு திருப்ப நேரம் கிடையாது.

ஒரேகானில் எனக்கு மிகவும் பிடித்தது மணலுக்கு நடுவில் தீவு தீவாக நிற்கும் காடுகள். பைன் மரங்களுக்குள் குளிர்ச்சியான ஒற்றையடித் தடம், திடீரென்று வெளியே வந்தால் கண் கூசும் மணல். ஆனால் இந்த மணல் வருடா வருடம் குறைகிறதாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மணல் நகர்ந்து ரோட்டையும் துறைமுகத்தையும் மூடாமல் இருக்க ஐரோப்பியக் கடற்கரைப் புல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். புல் வேலையை நன்றாகவே செய்துவிட்டது. கரையோரம் சுவர் போல மேடு எழுப்பி, உள்ளே வரும் மணலை மறித்துக்கொண்டது. பின்னால் உள்ள குன்றுகளைச் செடியும் மரமும் மூடுகின்றன. இப்போது அதே புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் தேரி மணல் வயலுக்குள் வராமல் இருக்கப் பனங்கொட்டை ஊன்றினார்கள், கொல்லாமரமும் உடையும் வளர்த்தார்கள். எங்களுக்கு அது வாழ்வு, பதநீரும் கருப்பட்டியும் கொல்லாங்கொட்டையும் கிடைத்தன. இங்கே மணல் நகர்ந்தால்தான் மணல்.

கரையோரப் புல்மேட்டுக்கும் பின்னாலுள்ள குன்றுகளுக்கும் நடுவிலுள்ள பள்ளங்களில் மழைக்காலத்தில் தண்ணீர் மேலேறி நிற்கும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் கால் வைத்தால் சொதசொதவென்று இழுக்கும். குளிர்காலத்தில் போகிறவர்கள் தாழ்வான சமதரையில் வண்டியை விடாதீர்கள்.

பறவைகளுக்காக வேலி போட்ட இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களே வேலி ஓரம் போய் செல்ஃபி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். உப்புக்கொத்தி இனத்தில் ஒரு சின்னஞ்சிறு பறவை, வெறும் மணலில் குழி பறித்து முட்டை இடும். மணலும் முட்டையும் ஒரே நிறம். ஓசியானோவில் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அதற்கும் ஆலாப் பறவைக்கும் பெரிய பகுதியை அடைத்துவிடுவார்கள். அங்கே இது பெரிய வழக்காகவே ஓடுகிறது. பறவை ஒரு பக்கம், பக்கத்து நிப்போமோ மேட்டில் குடியிருப்பவர்கள் சுவாசிக்கும் தூசி இன்னொரு பக்கம். 2021இல் கலிஃபோர்னியக் கடலோர ஆணையம் மூன்று வருடத்தில் அங்கே இந்த வண்டிகளையே நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தது, 2023இல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. எனக்கு ஓட்டப் பிடிக்கும், ஆனால் தூசியைத் தினமும் தின்பவன் கோபம் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. வேலிக்கு வெளியே ஓட்டுவது எனக்கொன்றும் நஷ்டமில்லை.

கிளாமிஸ் பற்றிக் கேட்பார்கள். தெற்கு கலிஃபோர்னியாவில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில், நீளம் 40 மைலுக்கு மேல் போகும் இம்பீரியல் மணற்குன்றுகள். ஈரோட்டுக்காரன் வற்புறுத்தி ஒரு தேங்ஸ்கிவிங்குக்கு அழைத்துப்போனான். அந்த வார இறுதியில் லட்சத்துக்கும் மேலே ஆள் கூடும் இடம் அது. ஓல்ட்ஸ்மொபீல் ஹில் என்ற மேட்டில் ராத்திரியெல்லாம் என்ஜின் சத்தம், விளக்கு, புகை. கந்தூரி, தேர்த் திருவிழா எல்லாம் சேர்ந்த மாதிரி. வேடிக்கை பார்க்க நன்றாக இருந்தது. ஓட்ட ஒரு மணி நேரத்துக்குமேல் எனக்குத் தைரியம் இல்லை. போவதென்றால் ஜனவரி, பிப்ரவரியில் வாரநாளில் போங்கள். அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் மலிவு. கோடையில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள், வெயில் 45 டிகிரியை எட்டும்.

இப்போது எங்கள் மூன்று குடும்பத்துக்கும் பொதுவாக இரண்டு பழைய குவாடும் ஒரு டிரெய்லரும் இருக்கின்றன. வருடத்தில் நாலைந்து முறை போகிறவனுக்கு வாடகையே லாபம் என்பது என் கணக்கு. மதுரைக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். சொந்த வண்டி என்றால் கலிஃபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கொருமுறை புதுப்பிக்கும் ஸ்டிக்கர், புகைக்குழாயில் தீப்பொறி தடுப்பான், ஒவ்வொரு மணல் பயணத்துக்குப் பிறகும் ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது என்று வேலை வந்துகொண்டே இருக்கும். முதல் வருடம் ஃபில்டரைக் கழுவாமல் விட்டு என்ஜினுக்குள் மணல் போய், செலவழித்த பணத்துக்கு ஒரு வருட வாடகையே எடுத்திருக்கலாம்.

பையில் என்னென்ன என்று நண்பர்கள் கேட்பதால்: ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இழுவை வார், பஞ்சர் செருகும் பொருள், விசில், இணையம் இல்லாமலும் வேலை செய்யும் வரைபடம், கணுக்காலை மூடும் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, கையுறை. கூட்டமாகப் போகும்போது முதல் ஆள் ஒவ்வொரு முனையிலும் நின்று கையைத் தூக்குவான், கை இறங்கும் வரை அடுத்தவன் ஏறக் கூடாது. கடைசி ஆள் எப்போதும் ஒரே ஆள்தான். எங்களில் அது என் மனைவி, எவனையும் தவறவிட மாட்டாள்.

குழந்தைகள் விஷயத்தில் நான் கறார். பெரியவர்களுக்கான குவாடின் மேலேயே 16 வயதுக்குக் கீழே ஓட்டக் கூடாது என்று ஒட்டியிருப்பார்கள். மகள் ஒன்பது வயதில் அடம்பிடித்தாள். சைட்-பை-சைட் என்று கார் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் சீட்டும் பெல்ட்டும் கூண்டும் உள்ள வண்டியில் ஏற்றலாம் என்றால், முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் வண்டியின் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். கலிஃபோர்னியாவில் இது சட்டம். பதியவில்லை. அந்த வருடம் முழுக்க அழுகை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கால் எட்டுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன ஆகஸ்டில் பதிந்தது. வின்செஸ்டர் பேயில் சைட்-பை-சைட் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். தாளை முழுக்கப் படித்தேன், கடைக்காரரே பொறுமை இழந்தார். மனைவி ஓட்ட, மகள் பக்கத்தில். நான் குவாடில் முன்னால். மாலை ஐந்து மணி. கடல் பக்கமிருந்து காற்று, முனைகளில் மணல் புகை மாதிரி பறந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய மேட்டில் சாய்வாக ஏறி, உச்சிக்குப் பத்தடி கீழே வண்டியை நிறுத்திக் கையைத் தூக்கினேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தும் மறுபக்கம் சரியாகத் தெரியவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு நடந்து போனேன். முனையில் குதிகாலை வைத்ததும் ஒரு கை அகலத்துக்கு மணல் உடைந்து, உஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு கீழே ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அடியில் பைன் மரத்தின் காய்ந்த முனைகள் இரண்டு மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னங்க, வரலாமா?" என்று கீழிருந்து மனைவியின் குரல்.

"வேண்டாம், அப்படியே நில்லு. வடக்கால சுத்திப் போவோம்."

"அப்பா, அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று மகள் கேட்டாள். பெல்ட்டைக் கழற்றி, நடந்து மேலே வரச் சொன்னேன்.